ஒழுகாத ஓட்டை: பழைய டிப்பரோடு 11 வருடம்

போன வாரம் நண்பன் போன் பண்ணினான். உன் வண்டி மாதிரியே பழைய டிப்பர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டான். கேட்ட நேரம்தான் சரியில்லை. டீசல் டேங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன், சட்டைக் காலருக்குள் டீசல் இறங்கிக்கொண்டிருந்தது. "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது இரண்டு முறை குளித்து, வாடையும் ஓரளவு போய், நிதானமாக எழுதுகிறேன். பதில் மாறுமா என்பது எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்.

பத்து சக்கரம், ஆறு சிலிண்டர், இன்லைன் பம்ப் (டீசலை அழுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது), 24 வோல்ட். இந்த ரகத்தை ஓட்டியவர்களுக்கு இதற்குமேல் அறிமுகம் வேண்டாம். எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்த வண்டி. 11 வருடத்தில் இன்ஜினை ஒரே ஒரு முறை இறக்கினேன். அதற்கும் வண்டி காரணமில்லை. பழைய ஓனர் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார். லைனரின் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின்) வெளிப்பக்கம் அம்மை வடு மாதிரி குழி குழியாக இருந்தது. மற்றபடி கிங்பின்னுக்கும் பட்டைக்கும் கிரீஸ், நேரத்துக்கு ஆயில், டேப்பட் பார்ப்பது, ஏர் டேங்க்கில் தினமும் தண்ணீர் வடிப்பது. இவ்வளவு செய்தால் அது பாட்டுக்கு ஓடும். இதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத இருப்பது ஒரே விஷயம். காலையில் ஸ்டார்ட் ஆகாது.

தினமும் ஆகாமல் இருந்தால் பரவாயில்லை, சட்டென்று பிடித்திருக்கலாம். நாலு நாள் அரைச் சுற்றில் பிடிக்கும். ஐந்தாம் நாள் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் இன்ஜின் நன்றாகவே சுற்றும், சைலன்சரில் ஒரு பிடி வெள்ளைப் புகை வரும், அவ்வளவுதான். இறங்கி, ஃபீட் பம்ப்பில் (டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் சின்ன பம்ப்) இருக்கும் ஹேண்ட் பிரைமரின், அதாவது கையால் டீசல் ஏற்றும் பம்ப்பின், குமிழைத் திருகி விட்டு அழுத்த ஆரம்பிக்க வேண்டும். முதல் முப்பது அழுத்தில் கைக்கு ஒன்றுமே தட்டாது. பிறகு ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தினால் சோப்பு நுரை மாதிரி புசுபுசுவென்று வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அழுத்தி, ஸ்குரூவை இறுக்கி, மறுபடி செல்ஃப். சில நாள் அதுவும் போதாது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஏர் எடுக்க வேண்டும். (இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். புது மாதிரி காமன் ரெயில் வண்டியில் பைப்பில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகும், அந்த நட்டில் கை வைத்தால் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய வண்டியிலும் முகத்தையும் கையையும் தள்ளியே வையுங்கள்.)

இப்படி மூன்று வருடம். என் வலது உள்ளங்கையில் அந்தக் குமிழின் வடிவத்தில் காய்ப்பு இருக்கிறது.

டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும், ஆனால் டீசல் குழாய்க்குள் கூடாது. பம்ப்பின் பிளஞ்சர் (உள்ளே ஏறி இறங்கும் தண்டு) டீசலை அழுத்தினால் டீசல் சுருங்காது, அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நம்முடைய மாதிரி வண்டியில் சுமார் 200 பார் வந்தால்தான் நாசில் ஊசி தூக்கும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பிளஞ்சர் ஏறும்போது குமிழி சுருங்கும், இறங்கும்போது விரியும், ஊசி அசையாது. வேடிக்கை என்னவென்றால் இதே வண்டியில் பிரேக்குக்குக் காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங் பிரேக் கவ்விக்கொண்டு ஓர் அடி நகராது. ஒரு குழாயில் காற்று இருக்கக்கூடாது, அடுத்த குழாயில் குறையக்கூடாது. அதனால்தான் "தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்களேன்" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ராத்திரியில் காற்று இறங்கிய வண்டியை யார் தள்ளுவது?

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், ஈரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஃபீட் பம்ப்புக்கு முன்னால், அதாவது டேங்க்கிலிருந்து உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓடும்போது ஃபீட் பம்ப் தேவைக்கு மேலேயே டீசல் தள்ளுவதால் கொஞ்சம் காற்று வந்தாலும் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்க்குக்கே போய்விடும். மேட்டில் லோடோடு ஏறும்போது மட்டும் லேசாக மூச்சு வாங்கும். நிறுத்திய பிறகுதான் ராத்திரி முழுக்க, சொட்டுச் சொட்டாக, குழாயில் நிற்கும் டீசல் டேங்க்குக்கே திரும்பிப் போய்விடும். ஒழுகாத ஓட்டையைத் தேடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் தேடினோம். முதலில் பாஞ்சோ போல்ட்டுகளின் (டீசல் குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர்கள் எல்லாம். பழைய வாஷர் இறுகிப் போயிருக்கும், அதையே திரும்பப் போட்டால் பிடிக்காது, புதிது போட வேண்டும், இல்லை சிவக்கச் சூடுபண்ணித் தண்ணீரில் போட்டு மெதுவாக்க வேண்டும். புதிதே போட்டோம். நாலைந்து நாள் வண்டி தங்கம். மறுபடி பழைய கதை. பிறகு ஹேண்ட் பிரைமர். பிறகு ஃபீட் பம்ப் வால்வுகள். பிறகு தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் வாஷர். பிறகு ரப்பர் ஹோஸ், வெளியே பளபளவென்று இருந்தாலும் கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கும் என்றார்கள், கழற்றிப் பார்த்தால் உண்மையிலேயே வெடித்திருந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம்! அதுவும் நாலைந்து நாள்தான்.

டீசலையும் குற்றம் சொல்லியாகிவிட்டது. கந்தகம் குறைத்த டீசல் வந்த காலத்தில் பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிந்தது நடந்த விஷயம்தான். அதைக் கேள்விப்பட்டதும், எனக்கும் அதுதான் காரணம் என்று ஒரு வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒரு மெக்கானிக், கெட்டிக்காரர்தான், ஃபீட் பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸ் ஒன்றை மாட்டி இன்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை. "அண்ணே, உங்க வண்டில ஏரே இல்ல, உங்க மனசுலதான் இருக்கு" என்றார். அவரோடு ஆறு மாதம் பேசவில்லை.

இதற்கு நடுவில் செல்ஃப் மோட்டார் இரண்டு முறை போனது. விடாமல் அடித்தால் போகாமல் என்ன செய்யும்? பத்துப் பதினைந்து நொடி அடித்துவிட்டு நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் நானே சொல்வேன். காலையில் லோடுக்கு ஆள் காத்திருக்கும்போது அந்தப் புத்தி வராது.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் நியாயம் பேச வேண்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் இந்த இன்ஜினுக்கு ஒரு பொட்டு கரன்ட்கூட வேண்டாம். ஒரு ராத்திரி, மழையில், ஆல்டர்னேட்டர் போய் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது. ஹெட்லைட் செத்தது, வைப்பர் செத்தது, இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தினேன், அணைக்கவில்லை. பொழுது விடியும்வரை ஐடிலிலேயே ஓடவிட்டு, வெளிச்சம் வந்ததும் வீடு வந்து சேர்ந்தேன். அணைப்பதற்கும் ஒரு கேபிள்தான், இழுத்தால் நிற்கும். பாஷ் கம்பெனி இந்த இன்லைன் பம்ப்பை 1927-இல் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. கேம் ஷாஃப்ட், பிளஞ்சர், வேகம் கூடினால் விரிகிற கவர்னர் எடைகள், எல்லாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய சாமான்கள். புது வண்டி வைத்திருக்கும் சிநேகிதர்கள் ஒரு சென்சார் போனால் லேப்டாப் வரும்வரை நிற்கிறார்கள். நான் ஒரு ஸ்பேனரோடு நிற்கிறேன். நிற்பதென்னவோ இரண்டு பேரும்தான்.

கடைசியில் கண்டுபிடித்தது எந்த டீசல் மெக்கானிக்கும் இல்லை. மூன்றாவது முறையாக செல்ஃப் மோட்டார் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன். மாட்டிவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தார்.

"அண்ணே, டீசல் முள் வேலை செய்யலையா?"

"அது செத்து நாலு வருஷம் ஆச்சு தம்பி. குச்சி விட்டுப் பார்த்துக்குவேன்."

"காலையில மக்கர் பண்ற அன்னிக்கெல்லாம் டேங்க்ல எவ்வளவு இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், பட்டறைக்கு எடுத்துப் போகும்போதெல்லாம், திரும்பி வந்ததும் நேராக வேலைக்குப் போகலாமே என்று டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும். அந்தக் கண்ணாடி ஹோஸ் பார்த்த அன்றைக்கும்.

அவர் முள்ளுக்கு உண்டான மிதவையைக் கழற்றும்போதே பக்கத்தில் உறிஞ்சு குழாயின் போல்ட்டுகளையும் கழற்றச் சொன்னேன். டீசலை வடித்து (காலருக்குள் இறங்கியது அதுதான்) குழாயை உருவினோம். டேங்க்குக்குள் டீசல் அலையடிக்காமல் இருக்கத் தடுப்புத் தகடு ஒன்று உண்டு. குழாய் அதன் ஓரத்தில் உரசி உரசி, சரியாகப் பாதி உயரத்தில், நகக்கீறல் அளவுக்கு ஓர் ஓட்டை. டீசல் பாதிக்கு மேல் இருந்தால் ஓட்டை டீசலுக்குள் முங்கியிருக்கும், டீசலைத்தான் உறிஞ்சும். பாதிக்குக் கீழே போனால் காற்று. நாலைந்து நாள் என்பது முழு டேங்க் பாதிக்கு இறங்குகிற கணக்கு. நாங்கள் மாற்றிய எந்தச் சாமானும் எதையும் சரிபண்ணவில்லை, சரிபண்ணியது நான் நிரப்பிய டீசல்.

குழாயைத் தனியாக வெளியே வைத்துப் பித்தளைப் பற்று வைத்தோம். டேங்க்குப் பக்கம் நெருப்பே போகவில்லை. காலி டேங்க்கில் ஆவி நிற்கும், அதில் வெல்டிங் வைத்து விளையாடாதீர்கள். தகடு உரசும் இடத்தில் ஒரு கிளிப்பும் போட்டாயிற்று. மொத்தம் ஒரு மதியம்.

அந்த முள்ளை நாலு வருடத்துக்கு முன்னாலேயே சரிபண்ணியிருந்தால், மக்கர் பண்ணும் நாளும் முள் இறங்கும் நாளும் ஒன்று என்று மூன்றாம் வாரமே தெரிந்திருக்கும். இதில் வண்டிமேல் என்ன தப்பு என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் கோபம் வண்டி மேல்தான் வருகிறது. பேசாத மெக்கானிக்குக்குப் போன் பண்ண வேண்டும், இன்னும் பண்ணவில்லை.

நண்பனுக்கு: இன்ஜின் நல்ல இன்ஜின். பம்ப் நல்ல பம்ப். எதையும் கையால் சரிபண்ணலாம். வாங்காதே. மீறி வாங்கத்தான் போகிறாய் என்றால் விடிகாலையில் போ, பானட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் உனக்காக முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். முள் வேலை செய்கிறதா பார். டேங்க்கில் கால்வாசிதான் இருக்க வேண்டும். உபசாரமாக நிரப்பி வைத்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடு.

இன்று காலை கால் டேங்க்குக்கும் கீழே முள். வேண்டுமென்றே நேற்று டீசல் போடவில்லை. சாவியைத் திருப்புவதற்கு முன்னால், பழக்கதோஷம், இறங்கிப் போய் பிரைமரைத் திருகி விட்டேன். இரண்டாவது அழுத்திலேயே குமிழ் கல் மாதிரி நின்றுவிட்டது.