ஆய்வகத்துக்கு சர்வர் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

எங்கள் உயிர்வேதியியல் துறையில் கணினிக்கென்று தனி ஆள் கிடையாது. நான், ஆறு ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு சர்வர், அவ்வளவுதான். புரதங்களின் அசைவைக் கணக்கிடும் வேலை. எங்களைப் போன்ற சிறிய ஆய்வகங்களில் கேள்வி கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தே விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2022இல் திட்ட நிதியில் அந்த சர்வரை வாங்கினோம். கொட்டேஷனில் 4 டெராபைட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 என்று தெளிவாக இருந்தது. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறை. ரெய்டு 5 என்றால் நான்கில் ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும். அதற்காக ஒரு டிஸ்க் அளவு இடத்தை விட்டுக்கொடுக்கிறோம். மீதி 12 டெராபைட், சர்வரில் ஓடும் இயங்குதளமான லினக்ஸின் கணக்கில் சுமார் 11 என்று காட்ட வேண்டும். எங்கள் திரையில் 15 என்று காட்டியது. “இடம் கூடவே கிடைச்சிருக்கு சார்” என்றார் பொருத்த வந்தவர். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

அது ரெய்டு 0. நான்கையும் சேர்த்து ஒரே டிஸ்க் போல ஆக்கிவிடும். அதில் எது போனாலும் எல்லாம் போச்சு.

2024 ஏப்ரலில் ஒரு டிஸ்க் போனது. இரண்டு வருடம் ஓட்டிய கணக்கீடுகள் (ரன்கள்), ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கான மொத்தத் தரவு, எதையும் திறக்க முடியவில்லை. விற்றவர்களுக்கே வருடம் 45,000 ரூபாய் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தத் தொகை) கட்டியிருந்தோம். ஐந்து நாள் கழித்து வந்தவர்கள், “தரவு எங்கள் பொறுப்பில் வராது” என்று ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். சென்னையில் தரவு மீட்பவர்களிடம் கேட்டோம். 1,40,000 ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே பழைய உள்ளீட்டுக் கோப்புகளைத் தன் லேப்டாப்பில் தேடியதை என்னால் மறக்க முடியவில்லை.

சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டை விற்றவர்களே வைத்திருந்தார்கள். ‘நீங்கள் எதையாவது மாற்றிவிடுவீர்கள்’ என்பது காரணம். ஆனால் ரெய்டு எது என்று பார்க்க ரூட் தேவையே இல்லை. மென்பொருள் ரெய்டு என்றால், லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் எம்டிஸ்டாட் என்ற கோப்பை (/proc/mdstat) திறந்தால் போதும், ரெய்டு 0 அல்லது ரெய்டு 5 என்று எழுதியிருக்கும். ரெய்டு 5 என்றால் நல்ல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘யூ’ எழுத்து, செத்ததற்கு அடிக்கோடு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேறொரு கல்லூரியில் இருக்கும் நண்பர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அவர்தான் பில்லையும் வாங்கிப் பார்த்தார். ‘குரோமாக்ஸ் லைசென்ஸ் 38,000’ என்று ஒரு வரி. புரத அசைவைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் குரோமாக்ஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள். நிறுவிக்கொடுத்த கூலி என்று கேட்டிருந்தால் நியாயம். இல்லாத லைசென்ஸுக்கு வாங்கியது ஏமாற்று. நிறுவியதிலும் கோளாறு. குரோமாக்ஸ் ஒவ்வொரு ரன்னிலும் எழுதும் லாக் கோப்பின் தொடக்கத்தில் ஜிபியு (கணக்கீட்டை வேகப்படுத்தும் கிராஃபிக்ஸ் சிப்) ஆதரவு உண்டா இல்லையா என்று இருக்கும். எங்களுடையதில் இல்லை என்றே இருந்தது. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய ஜிபியு கார்டு இரண்டு வருடமும் சும்மா கிடந்திருக்கிறது.

புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மீதி ஏஎம்சி தொகையை நிறுத்தியிருக்கிறோம். பதில் இல்லை.

இப்போது வேறொருவரிடம் நான்கு டிஸ்க் உள்ள ரெய்டு சேமிப்புப் பெட்டி வாங்கினோம். தனியாக ஒரு வெளி டிஸ்க்கிலும் வாராவாரம் பேக்கப் எடுக்கிறோம், ஏனென்றால் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி அழித்த கோப்பை அது திருப்பித் தராது. பாஸ்வேர்டு துறைத் தலைவரின் அலமாரியில் உறையில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன், தரவு எதுவும் ஏற்றாத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவச் சொன்னேன். அவர் தயங்கினார், அப்புறம் உருவினார். சோதனைக் கோப்புகள் அப்படியே திறந்தன. டிஸ்க்கைத் திரும்பச் செருகி, எல்லாம் ஒத்திசைந்து முடிய இரவு முழுவதும் ஆனது. மறுநாள் காலை நான்கு ‘யூ’க்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பில்லில் கையெழுத்துப் போட்டேன்.