ஆறு மோட்டார் டிரோன்: பறக்கும்போது ஒன்று நின்றுபோனால்?

மலேசியாவின் பினாங்கில் தொழிற்சாலைக் கூரைகளையும் செம்பனைத் தோட்டங்களையும் படம் எடுக்க, எஃப்550 என்ற உடற்சட்டகத்தில் நானே பூட்டிய ஆறு மோட்டார் டிரோனைத்தான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். உள்ளே பறத்தலைக் கட்டுப்படுத்தும் பிக்ஸ்ஹாக் மின்பலகை, அதில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருள். வேலை பெரும்பாலும் பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்தில், பிறை, பத்து காவான், நிபோங் திபால் பக்கம். தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருப்பதால் அங்கே பறக்க அனுமதி வாங்குவதே தனி வேலை. "ஆறு இருக்கே, ஒன்று போனாலும் சமாளிக்கும்" என்று நினைத்துத்தான் பலரும் இந்த வகையை வாங்குகிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதி, நீங்கள் ஏற்றும் எடையைப் பொறுத்தது.

கணக்கு எளிது. ஒரு மோட்டார் நின்றால் அந்தப் பக்கம் சாயும். சாயாமல் இருக்க, நேர் எதிரே உள்ள மோட்டாரும் ஏறக்குறைய ஓய்ந்துவிட வேண்டும். ஆக, ஆறு பேர் சுமந்ததை நான்கு பேர் சுமக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மடங்கு பாரம். அந்தரத்தில் நிற்கவே 50 சதவீத உந்துவிசை தேவைப்படும் டிரோனுக்கு இப்போது 75 வேண்டும். 60 என்றால் 90. 67-ஐத் தொட்டாலே கையிருப்பு தீர்ந்துவிடும், அப்புறம் காற்றடித்தால் திருத்திக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அந்தரத்தில் நிற்கத் தேவையான இந்த 'ஹோவர்' அளவை ஆர்டுபைலட் பறக்கும்போதே கற்றுக்கொண்டு சேமித்து வைக்கும். புது கேமராவோ பெரிய பேட்டரியோ மாட்டினால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். சின்ன கேமராவோடு 45-ஐ ஒட்டி நிற்கிறது. வரைபடம் எடுக்கும் கனமான கேமராவோடு 60-ஐத் தாண்டுகிறது. அப்போது இதை, ஒன்று போனாலே விழுந்துவிடும் சாதாரண நான்கு மோட்டார் டிரோனாகவே நினைத்துப் பறக்கவிடுகிறேன்.

நிபோங் திபாலில் ஒரு தோட்டத்தின் மேல் ஒரு மோட்டார் உண்மையிலேயே நின்றுபோனது. நல்லவேளை, அன்று சின்ன கேமரா. திரையில் 'பொட்டென்ஷியல் திரஸ்ட் லாஸ்' (உந்துவிசை போயிருக்கலாம்) என்ற எச்சரிக்கை, பக்கத்தில் மோட்டார் எண். டிரோன் ஒரு குலுங்கு குலுங்கி, கொஞ்சம் உயரம் இழந்து, பிறகு மெதுவாகத் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற தோட்ட மேற்பார்வையாளர், அதாவது மண்டோர், "என்ன தம்பி, அதுக்குச் சாமி வந்துருச்சா?" என்றார். ஆர்டுபைலட் எச்சரிக்கை கொடுக்கும், சாயாமல் நிற்பதற்கு முதலிடம் கொடுக்கும், அவ்வளவுதான், தானாகத் தரையிறங்காது. அது நம் வேலை. தரையிறங்கும் 'லாண்ட்' மோடில் போட்டு, சுற்றுவதைத் தடுக்கப் போராடாமல் விட்டேன். பாதைமேல் சுற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்தது. பதிவுக் கோப்பில் செத்த மோட்டாருக்கான கட்டளை உச்சத்தில், எதிர் மோட்டாருக்கானது அடிமட்டத்தில், பாடப்புத்தகம் மாதிரி. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஒன்று பற்றவைப்பில் விட்டிருந்தது.

அது ஏன் சுற்றியது? சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். வலம், இடம் என்று மாறி மாறிச் சுழலும் வழக்கமான அமைப்பில், ஒரு மோட்டார் போனதும் சாய்வு, உயரம், திசை எல்லாவற்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்த முடியாமல் போகிறது. எதிர் மோட்டாரால் டிரோனைக் கீழ்நோக்கித் தள்ள முடியாதே! முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை விட்டுக்கொடுத்தால்தான் சாய்வையும் உயரத்தையும் காப்பாற்ற முடியும். சுழற்சி வரிசையை மாற்றி அமைத்தால் குறிப்பிட்ட சில மோட்டார்களில் ஒன்று போனாலும் முழுக் கட்டுப்பாடு தங்கும், எல்லாவற்றுக்கும் அல்ல.

நான்கு மோட்டாருக்கும் இதே தந்திரம் உண்டு. சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் முல்லர், டி'ஆன்டிரியா என்ற ஆய்வாளர்கள் 2014-ல் ஒன்று, இரண்டு, ஏன் மூன்று இறக்கைகள் போனாலும் வேகமாகச் சுழன்றபடி பறக்கவைக்கலாம் என்று காட்டினார்கள். விற்பனைக்கு வந்தவற்றில் டிஜேஐ மேட்ரிஸ் 300-க்கு மூன்று இறக்கைகளோடு அவசரமாகத் தரையிறங்கும் வசதி உண்டு. கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற சாதாரண கேமரா டிரோனில் இதை எதிர்பார்க்காதீர்கள், அது விழும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இங்கே பெரிய எதிரி கடற்காற்று. பட்டர்வொர்த் கரையோரம் பறந்த பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றிப் பார்ப்பேன். கரகரவென்று இருந்தால் பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த மோட்டாரை மாற்றிவிடுவேன். பற்றவைத்த இடங்களையும் இப்போது இழுத்துப் பார்க்கிறேன்.

அடுத்து, சட்டகத்திலிருந்து நீளும் ஒரே கையில் மேலும் கீழுமாக இரண்டு மோட்டார் வைக்கும் எட்டு மோட்டார் அமைப்பைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்று நின்றால் அதே கையில் இருக்கும் ஜோடி தாங்கிக்கொள்ளும், சாய்வு பெரிதாக வராது. கீழ் இறக்கைக்கு மேலதன் கலங்கிய காற்றுதான் கிடைக்கும் என்பதால் பேட்டரி சீக்கிரம் தீரும். பறக்கும் நேரம் குறைவதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது சரிப்படாது.

இத்தனை இருந்தும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கூட்டத்துக்கு நேர் மேலே படம் கேட்பவர்களுக்கு என் பதில் முடியாது என்பதுதான். எட்டு மோட்டார் வந்த பிறகும் அதே பதில்தான்.