டர்போ வாங்குபவர்கள் கவனத்துக்கு: புட்டி பூசிய சக்கரத்தை ‘ரீகண்டிஷன்’ என்று விற்கிறார்கள்

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் லொறி, பஸ், பெக்கோ வைத்திருப்பவர்கள், என்னைப் போல வீட்டுப் பட்டறையில் எஞ்சின் வேலை செய்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். கொழும்பில் ஒரு பழைய பாகக் கடையில் ‘ரீகண்டிஷன் செய்து பலன்ஸ் பார்த்தது’ என்று சொல்லி எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற பெரிய டர்போ ஒன்றை எனக்கு விற்றார்கள். அதன் சக்கரத்தில் உடைந்த இலையை, அதாவது விசிறித் தகட்டை, புட்டி வைத்து ஒட்டி, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தார்கள். போன காசு ஒரு பக்கம். அந்தச் சாமான் உயிரையே எடுத்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எதற்காக வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புவெளியில் வீட்டோடு சேர்ந்தாற்போல எனக்கு ஒரு சிறிய பட்டறை. மீன்பிடிப் படகு எஞ்சின்கள்தான் சாப்பாட்டுத் தொழில். அக்காவின் மகன் தொழில்நுட்பம் படிக்கிறான். அவனும் நானும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சட்டத்தில் ஜெட் எஞ்சின் பூட்டுகிற வேலையைத் தொடங்கினோம். கேட்பவர்களுக்கு விசராகத் தெரியலாம். ஆனால் உலகம் முழுக்க வீட்டுப் பட்டறைகளில் செய்கிற வேலைதான் இது. டர்போவில் ஒரே ஷாஃப்டின் ஒரு முனையில் டர்பைன் சக்கரம், மற்ற முனையில் காற்றை அமுக்குகிற கம்ப்ரஸர் சக்கரம். லொறியில் எஞ்சின் புகை டர்பைனைச் சுற்றும். நாங்கள் எஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எரிகலன் வைக்கிறோம். கம்ப்ரஸர் தள்ளும் காற்று அதற்குள் போய், எரிபொருளோடு எரிந்து, டர்பைனைச் சுற்றிவிட்டுப் பின்னால் பாய்ந்து வெளியேறும். 1937 ஏப்ரலில் பிராங்க் விட்டில் முதன்முதலாக ஓட்டிக் காட்டிய ஜெட் எஞ்சினிலும் காற்றை அமுக்கியது இந்த மாதிரி மையவிலக்குச் சக்கரம்தான்.

இதை றோட்டில் ஓட்டுகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. கன்னியாப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காணியில் வைத்து ஓட்டிப் பார்ப்பதென்றுதான் ஏற்பாடு. கிராம சேவகருக்கும் அயலவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். எங்கள் ஊரில் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் வயதானவர்களுக்கு நெஞ்சு பதறும். அதை மதிக்கத்தான் வேண்டும்.

இந்த வேலையில் எல்லாமே அந்த டர்போவில்தான் தங்கியிருக்கிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு 90,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் போகும். கிட்டத்தட்ட ஒலியின் வேகம். அந்த வேகத்தில் விளிம்பில் உள்ள ஒரு கிராம் உலோகம் 300 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். அங்கே புட்டி எப்படி நிற்கும்? புட்டி பறக்கும், சக்கரம் நிலை தவறும், ஷாஃப்ட் வளையும், சக்கரம் துண்டு துண்டாக வெடித்து வெளியே வரும். மோட்டார் சைக்கிளில் அது ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருக்கிறது.

இதையெல்லாம் அந்தக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். ‘ஜெட் எஞ்சினுக்கு வேணும் அண்ணே, முழு வேகத்தில் ஓடும், திரஸ்ட் பெயாரிங் புதுசா இருக்கோணும், பலன்ஸ் பார்த்திருக்கோணும்’ என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பினேன். (ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பதுதான் திரஸ்ட் பெயாரிங்.) ‘எல்லாம் புதுசு தம்பி, மெஷினில் பலன்ஸ் பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்’ என்று பதில் வந்தது. படங்களும் அனுப்பினார். சாமான் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பிடித்துப்போய்க் காசைப் போட்டேன். ஒரு நல்ல பழைய மோட்டார் சைக்கிளே வாங்கக்கூடிய காசு அது.

பார்சல் பஸ்ஸில் வந்தது. காற்று வாய், எண்ணெய் வாய் எல்லாவற்றையும் டேப்பால் மூடி, உறையின் போல்ட்டுகளில் சிவப்பு மை வைத்திருந்தார்கள். ‘சீல் உடைத்தால் கேரண்டி இல்லை’ என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. இவர்களின் தந்திரமே இதுதான். உள்ளே பார்க்கக்கூடாதென்று மறிப்பதற்குத்தான் அந்த மை, அந்த ஸ்டிக்கர். பில்லைப் பார்த்தால் ‘பாவித்த டர்போ 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. ரீகண்டிஷனும் இல்லை, பலன்ஸும் இல்லை.

பூட்டுவதற்கு முன் எப்போதும் செய்கிற சோதனைதான் செய்தேன். டேப்பை உரித்து, ஷாஃப்ட் முனையில் மயிரளவு அசைவையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். நல்ல டர்போவில் அந்த அசைவு 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்கும். முள் 0.3ஐத் தாண்டியது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது பிழையில்லை, எண்ணெய் ஏறினால் அது சரியாகிவிடும். முன்பின் அசைவு அப்படியில்லை. திரஸ்ட் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ‘புதுசு’ என்று சொன்ன அதே பெயாரிங்.

உடனே சிவப்பு மையை உடைத்து உறையைக் கழற்றினேன். துணியில் தின்னர் தொட்டுக் கம்ப்ரஸர் சக்கரத்தைத் துடைக்கச் சொல்லி மருமகனிடம் கொடுத்தேன். ‘மாமா, கையைப் பாருங்கோ’ என்றான். துணி முழுக்க வெள்ளிப் பெயின்ற். சக்கரத்தில் ஒரு இலையின் நுனியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், மாவு மாதிரி உதிர்ந்தது. அடியில் அலுமினியம் அரை நகம் அளவுக்கு உடைந்து போயிருந்தது. இரண்டு பக்கமும் எடை சமமாகட்டும் என்று அதற்கு நேர் எதிரே இருந்த இலையை அரத்தால் ராவியிருந்தார்கள். கீறல்கள் அப்படியே கிடந்தன. பலன்ஸ் என்று அவர்கள் சொன்னது அதைத்தானாம்!

உண்மையாகப் பலன்ஸ் பார்த்த சக்கரத்தில் நட்டிலோ, முதுகுப் பக்கமோ கல்லால் துல்லியமாக உரசி எடுத்த சின்னப் பள்ளம் இருக்கும். இலையில் யாரும் அரம் போடுவதில்லை. இலையில் அரத்தின் தடம் கண்டால் அந்தச் சாமானைக் கையாலும் தொடாதீர்கள்.

படமும் வீடியோவும் எடுத்து அனுப்பிவிட்டுக் கோல் எடுத்தேன். முதலில் ‘சீல் உடைத்துவிட்டீர்கள்’ என்றார். பிறகு ‘லொறிக்கென்று நினைத்துத்தானே தந்தோம், ஜெட்டுக்கு இல்லையே’ என்றார். நான் அனுப்பிய குரல் பதிவை அவருக்கே திருப்பி அனுப்பினேன். அதோடு என் நம்பரை புளொக் செய்துவிட்டார். கொழும்புக்கு நேரே போனபோது, ‘வித்த சாமான் திருப்பி எடுக்கிற வழக்கமில்லை’ என்று வேலைக்கு நிற்கும் பெடியனை விட்டுச் சொல்லவைத்தார். அந்தப் பெடியனோடு எனக்குக் கோபமில்லை. முதலாளி உள்ளேதான் இருந்தார்.

அவர் சொன்ன ‘லொறிக்கு’ என்ற சொல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இந்த டர்போவை லொறியில் பூட்டினாலும் கதை அதேதான். இலை உடைந்தால் அலுமினியத் துண்டு எஞ்சினுக்குள் போகும். ஷாஃப்ட் போனால் எண்ணெயை மறிக்கிற உள் சீல் போகும், எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் இறங்கும். அப்போது டீசல் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் நெல் மூட்டையோடு போகிற ஒரு டிரைவருக்கு அது நடந்தால்? அவர்களுக்கும் இதே கடை இதே சாமானைத்தான் விற்றுக்கொண்டிருக்கும்.

கொழும்பில் பழைய பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நேர்மையான கடைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். அதே நாள் அங்கே ஒரு வயதான முதலாளி, நான் கேட்காமலே உறையைக் கழற்றிக் காட்டி, ‘கேஜ் வைத்துப் பாருங்க, பிடித்தால் எடுங்க’ என்றார். இப்போது எங்கள் மேசையில் இருப்பது அவர் தந்த டர்போதான். கழற்றிக் காட்ட மாட்டோம் என்று ஒரு கடை சொன்னால் விலை பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். பில்லில் ‘ரீகண்டிஷன், பலன்ஸ் பார்த்தது’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் இரும்புக் கடைக் கதையும் ஒன்று. எரிகலனுக்குள் சுவாலையின் நடுவே 2,000 பாகை செல்சியஸ் அளவுக்குப் போகும். வருகிற காற்றில் கால்வாசி அளவுதான் எரியும், மீதி சுவரையும் வாயுவையும் குளிர வைக்கும். அப்படியும் உள்குழாய்க்கு நல்ல ஸ்டெயின்லெஸ் வேண்டும். 304 என்ற தரத்தைக் கேட்டு, 304 விலை கொடுத்து, இங்கே டவுனில் ஒரு கடையில் குழாய் வாங்கினேன். வந்தது 201 என்ற மலிவான தரம். அதில் நிக்கல் பாதியளவுதான், மிச்சத்துக்கு மங்கனீஸ். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, ஆகவே காந்தத்தை வைத்துக் காட்டினால் நம்பவேண்டாம். மங்கனீஸைக் காட்டும் சோதனைத் திரவம் சிறிய போத்தலில் விற்கிறார்கள். ஒரு துளி விட்டுச் சின்ன பற்றரியைத் தொட்டால் 201 சிவப்பாகும். எனக்கு முதலில் காட்டிக் கொடுத்தது கடல்காற்றுத்தான். வெட்டி மிஞ்சிய துண்டு முற்றத்தில் கிடந்து பழுப்புப் புள்ளி புள்ளியாகக் கறள் பிடித்திருந்தது. இந்தக் கடை பாதிக் காசைத் திருப்பித் தந்தது. இதே குழாயைத்தான் கடற்கரை வீடுகளுக்கு பல்கனிக் கம்பியாகவும் விற்கிறார்கள். வீடு கட்டுபவர்கள் கவனியுங்கள்.

டர்போ விஷயத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பலர் கடைக்காரரோடு இழுபட்டே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பில், குரல் பதிவு, பார்சல் ரசீது, பெயின்ற் ஒட்டிய துணி எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை கடையின் பெயரை இங்கே போடவில்லை. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

கடந்த சில மாதங்களில் கொழும்பிலிருந்து சிவப்பு மை வைத்த, வெள்ளிப் பெயின்ற் அடித்த டர்போ யாராவது வாங்கியிருந்தால், வண்டியில் பூட்டியிருந்தாலும் கழற்றிப் பாருங்கள். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், எங்கிருந்தாலும் பரவாயில்லை. என் பட்டறைக்குக் கொண்டுவந்தால் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு எதுவும் வேண்டாம். ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை நான்கு மணிக்குப் பிறகு இருப்பேன்.