ஆர்பர், பெர்கோலா, கெஸீபோ: எது எது, எந்தப் பேர் எங்கேர்ந்து வந்துச்சு?

தோட்டத்துல நிழலுக்கு ஒண்ணு கட்டி வச்சா நம்ம ரிசார்ட்காரங்க கண்ண மூடிட்டு கெஸீபோன்னுடுவாங்க, ஆனா மூணும் வேற வேற ஐட்டம். கெஸீபோன்னா பக்கம் திறந்திருக்கும், மேல முழுக் கூரை, மழைக்கும் ஒதுங்கலாம். பெர்கோலாவுக்கு வெறும் தூணும் மேல குறுக்குச் சட்டமும்தான், கொடி படர்ந்தாதான் நிழல், இல்லேன்னா வெயில் நேரா மண்டையில. ஆர்பர் சின்னது, கொடி ஏத்துன ஒரு வளைவு, அடியில ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி பெஞ்ச், அவ்ளோதான்.

பேர்க்கதைன்னு பாத்தா என் ஓட்டு ஆர்பருக்குத்தான். லத்தீன்ல ஆர்பர்னா மரம், அதனால மரத்துலேர்ந்து வந்த பேர்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க, ஆனா அது இல்ல. லத்தீன் ஹெர்பா, அதாவது புல் பூண்டு, ஹெர்பல் டீ பாக்கெட்ல இருக்கே அதே ஹெர்ப்தான், அது பழைய ஃப்ரெஞ்ச் வழியா இங்கிலீஷுக்குள்ள வந்து எர்பர் ஆச்சு, அப்போ அதுக்கு அர்த்தம் புல்தரை இல்லேன்னா மூலிகைத் தோட்டம். போகப்போக அந்தத் தோட்டத்துக்குள்ள கொடி படரவிட்ட நிழலிடத்தையே அப்படிச் சொல்ல ஆரம்பிச்சாங்க. எர் எப்படி ஆர் ஆச்சுங்கிறீங்களா, ஸ்பெல்லிங்ல கிளெர்க்னு இருக்கிறத கிளார்க்னு சொல்றோம்ல, அதே கதைதான். மரத்துக்கான லத்தீன் வார்த்தையும் பக்கத்துலயே இருந்துச்சா, எழுத்தும் அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு.

பெர்கோலால சண்டையே இல்ல. இத்தாலிய வார்த்தை, மூலம் லத்தீன் பெர்குலா, சுவத்துலேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற கூரை. முடிஞ்சது.

கெஸீபோதான் வில்லங்கம். 1752ல வில்லியம் ஹாஃப்பென்னியும் ஜான் ஹாஃப்பென்னியும் போட்ட சீனப் பாணி கட்டட டிசைன் புத்தகத்துல வருது, ஆனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு அகராதிக்காரங்களே கைய விரிக்கிறாங்க. இங்கிலீஷ்ல கேஸ் (gaze)னா உத்துப் பாக்கிறது, அதோட லத்தீன் எதிர்கால விகுதி 'போ'வ ஒட்டி 'பாப்பேன்'னு விளையாட்டா கட்டுன வார்த்தைன்னு ஒரு யூகம் உண்டு, கேக்க ஜோரா இருக்கு, ஆதாரம்தான் இல்ல.

நம்ம பந்தலும் இந்த ரேஸ்ல உண்டுங்க. தமிழ்லேர்ந்து போய் இங்கிலீஷ் அகராதில பண்டால்னு உக்காந்திருக்கு, கொல்கத்தா துர்கா பூஜைக்குப் போடுறதுக்கும் அதே பேர்தான். சிலப்பதிகாரத்துல கோவலன் கண்ணகி கல்யாணத்துக்குப் போட்டது பந்தர், ஸ்கூல்ல கடைப்போலிக்கு உதாரணமா எழுதுவோமே அதேதான். வேலையப் பாத்தா பெர்கோலாவுக்குத்தான் நெருங்குன சொந்தம்: இத்தாலில திராட்சைக்கொடி ஏத்துறதும் பெர்கோலாதான், தேனி மாவட்டத்துல கம்பம் ஊர்ப் பக்கம் கல்லு நட்டு கம்பி இழுத்து திராட்சை ஏத்துறாங்களே, அதையும் பந்தல்னுதான் சொல்றோம்.