பெயரில்லாத பொடி, நான்கு மாத நிம்மதி

பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வந்து ரத்தம் போகும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருக்கிற உங்களிடம் யாராவது "அந்த மாத்திரைகளை எல்லாம் தூக்கிப் போடு, வேரோடு அறுத்துவிடலாம்" என்று சொல்லியிருந்தால், அவரிடம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போய் ஏமாந்து வந்தவன்.

எனக்கு நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் ரத்தப்போக்கு அடங்க ஸ்டீராய்டு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அதற்கப்புறம் குடல் அழற்சியை அடக்கி வைக்கும் மெசலமின் மாத்திரை மட்டும்தான். பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் "முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்" என்று மருத்துவர் சொன்னது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எங்கே போனாலும் கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் கண் தேடும். வெளியே கிளம்பும் நாளில் எதுவும் சாப்பிடாமலே போவேன். இப்படியே ஆயுள் முழுக்கவா என்ற சலிப்புதான் என்னை, வேரோடு அறுத்துவிடலாம் என்று சொன்ன ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய் விட்டது.

நாடி பிடித்தார். அரை மணி நேரம் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அதுவரை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை, அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். மெசலமினை நிறுத்தச் சொன்னார், குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இனி வேண்டாம் என்றார். வெள்ளைத் தாளில் மடித்த பொட்டலங்களைக் கொடுத்தார். மேலே பேனாவால் 'காலை', 'இரவு' என்று எழுதியிருந்தது. மருந்தின் பெயரோ தேதியோ எதுவும் இல்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டதற்கு, பரம்பரை ரகசியம் என்றார்.

பழுப்பு நிறப் பொடி. நாக்கில் பட்டதும் மூலிகை வாசனையைத் தாண்டி ஒரு கூரிய கசப்பு. முதல் வருடம் கொடுத்த ஸ்டீராய்டான பிரட்னிசோலோன் மாத்திரை தொண்டைக்குப் போகாமல் நாக்கிலேயே கரைந்தபோது வந்த அதே கசப்பு. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டே வாரத்தில் வயிறு அமைதியாகிவிட்டது. நல்ல பசி. இரவில் தூக்கம் குறைந்தது, உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவமனையில் பழக்கமான இன்னொரு நோயாளிக்கும் அவரைப் பற்றிச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. மூன்றாவது மாதம் கன்னம் உப்பி முகம் உருண்டையானது, வயிற்றைச் சுற்றி சதை போட்டது. உடம்பு தேறுகிறது என்றார் அவர். வீட்டிலும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார்கள்.

நான்காவது மாதம் அவர் வெளியூர் போய்விட்டார், பொடி தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வலி, குமட்டல், எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு வாரத்துக்குள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வயிற்றுப்போக்கு, எல்லாம் ரத்தம். போனில் கேட்டதற்கு, "கழிவு வெளியேறுகிறது, பயப்படாதே" என்றார். அதை நம்பி இன்னும் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். அப்போது ஹீமோகுளோபின் 7.9-க்கு இறங்கியிருந்தது.

பணியில் இருந்த மருத்துவர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டீராய்டை எப்போது நிறுத்தினீர்கள்?" ஐந்து வருடமாக எடுக்கவே இல்லை என்றேன். ரத்தம் எடுத்து, அட்ரினல் சுரப்பி தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவு பார்த்தார்கள். மிகவும் குறைவு. ஸ்டீராய்டு வெளியிலிருந்து தொடர்ந்து வந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளுமாம். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்து வந்ததும் இருக்காது, உடம்பு சுரப்பதும் போதாது. அதனால்தான் முதல் வருடம் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். பொடியை ஆய்வுக்கு அனுப்பியதில் பிரட்னிசோலோன் இருப்பது உறுதியானது.

இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். நரம்பு வழியாக ஸ்டீராய்டு. மூன்றாம் நாளும் அடங்காவிட்டால் இன்ஃபிளிக்சிமாப் என்ற இன்னும் வலுவான ஊசி மருந்து, அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மூன்று நாளை என்னால் எழுத முடியவில்லை. அடங்கியது, பிழைத்தேன்.

மாற்று மருத்துவம் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. மெசலமினோடு சேர்த்து மஞ்சளின் குர்குமினைக் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. கவனியுங்கள், மெசலமினோடு சேர்த்து. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். சீன மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பயன்படும் ஒரு நீலப்பொடி உண்டு. அது நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியதால் 2016-இல் ஜப்பான் அரசே எச்சரிக்கை வெளியிட்டது. இன்னொன்று, இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். இறங்கும் நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதுதான் குணப்படுத்தியது போலத் தோன்றும். கொலோனோஸ்கோபி வேண்டாம் என்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். நோய் வந்து எட்டு வருடம் ஆன பிறகு குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் முதலில் அந்த நோயாளிக்குத்தான் போன் செய்தேன். இரண்டு மாதமாக அதே பொட்டலங்களைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதறிப்போய், இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றார். அவரிடம் சொன்னதையே, இப்படி ஒரு பொடியை இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உங்களிடமும் சொல்கிறேன்: நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மீதியிருக்கும் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றைக்கே குடல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார்.