ஸ்டூவர்ட்ஷிப் கான்ட்ராக்ட் ரிவ்யூ: ஒல்லி மரத்தை எடு, காட்டைச் சரி பண்ணு

தேசியக் காடுகளைப் பாத்துக்கற அமெரிக்க ஃபாரஸ்ட் சர்வீஸோட ஸ்டூவர்ட்ஷிப் கான்ட்ராக்டுக்கு நான் 5க்கு மூணரை ஸ்டார் குடுப்பேன், அந்த மூணரையையும் மனசாரக் குடுக்கறேன்.

வழக்கமான டிம்பர் சேல்ல விலை போற மரத்தை விப்பாங்க, வாங்கினவர் வெட்டிட்டுப் போயிடுவார். இதுல அப்படி இல்ல, நெருக்கமா வளந்து நிக்கிற ஒல்லி மரங்களை எடுக்கணும், ஓடையைச் சரி பண்ணணும், ரோட்டைப் பழுது பாக்கணும், வெட்டின மரத்தோட விலையை அந்த வேலைக்கான கூலில கழிச்சுக்குவாங்க, பணம் மிஞ்சினா அடுத்த காட்டு வேலைக்கே போகும். குறைச்ச ரேட் போட்டவருக்குத்தான் வேலைங்கிற கட்டாயமும் கிடையாது, முன்னாடி எப்படி வேலை செஞ்சார், உள்ளூர் ஆளுங்களுக்கு வேலை குடுப்பாரானு பாக்கலாம். 1998ல சோதனையா ஆரம்பிச்சது, 2014ல வந்த ஃபார்ம் பில்னு சொல்ற விவசாயச் சட்டத்துல நிரந்தரம் ஆயிடுச்சு.

இது வேலைக்கு ஆகுமானு கேக்கறவங்க அரிசோனாவோட ஒயிட் மவுன்டன் ப்ராஜெக்டைப் பாருங்க. 2002ல ரோடியோ-செடிஸ்கி தீ 4,60,000 ஏக்கருக்கு மேல எரிச்சதுக்கு அப்புறம், 2004ல பத்து வருஷ கான்ட்ராக்ட் போட்டாங்க, 1,50,000 ஏக்கர் வரைக்கும். சின்ன மரத்தை வாங்க உள்ளூர்லயே ஆளு இருந்தாங்க, அடுப்புக்கான பெல்லட் (மரத்தூளை அழுத்தின எரிகட்டி) செய்யறவங்க, மரத்தை எரிச்சு கரென்ட் எடுக்கிற பிளான்ட்னு. சுற்றுச்சூழல் ஆளுங்க, மில்காரங்க, ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே கண்காணிப்புக் குழுவுல உக்காந்தாங்க. 2011ல வாலோ தீ 5,38,000 ஏக்கரைத் தின்னுச்சு, ஆனா ஆல்பைன் ஊர் பக்கத்துல மரம் களைஞ்ச இடத்துக்கு வந்ததும் உச்சிக் கிளையில பாஞ்சு வந்த நெருப்பு தரைக்கு இறங்கிடுச்சு, தீயணைக்கிறவங்களால நின்னு வீடுகளைக் காப்பாத்த முடிஞ்சது. இதுக்கு மேல என்ன ரிசல்ட் வேணும் சொல்லுங்க!

அப்போ ஒன்றரை ஸ்டார் எங்க போச்சு? அதே அரிசோனாவுலதான். நாலு தேசியக் காடுகளைச் சேத்து 24 லட்சம் ஏக்கருக்கு ஃபோர் ஃப்ரைனு ஒரு திட்டம், அதுல 2012ல 3,00,000 ஏக்கரை ஒரே கம்பெனி கையில குடுத்தாங்க, அடுத்த வருஷமே அது வேற கம்பெனிக்கு மாறுச்சு, வேலை நத்தையா நகர்ந்துச்சு. ஒல்லி மரத்துக்கு விலை கிடையாது, கிளை தழையை வாங்க ஆளே இல்ல, மில்லு இல்லாம காகிதத்துல மட்டும் ஏக்கர் எழுதி வச்சா மரம் எப்படி வெளிய போகும்? 2021ல அடுத்த பெரிய டெண்டரையே ரத்து பண்ணிட்டாங்க. உள்ளூர் மில்லு எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குத் துண்டு துண்டா குடுத்திருக்கணும்னு நான் உறுதியா நம்பறேன்.

இன்னொண்ணு, கவுன்ட்டிகளுக்கு, அதாவது அங்க இருக்கற மாவட்ட நிர்வாகங்களுக்கு, இதுல நஷ்டம். சாதாரண டிம்பர் சேல் வருமானத்துல 25 சதவீதம் ஸ்கூலுக்கும் ரோட்டுக்கும்னு 1908லருந்தே சட்டம் இருக்கு, ஸ்டூவர்ட்ஷிப் கான்ட்ராக்ட்ல வெட்டற மரம் அந்தக் கணக்குலயே வராது. காட்டு ஓரத்துல வாழற ஜனங்களைக் கூப்பிட்டு வச்சுப் பேசிட்டு அவங்க பிள்ளைங்க ஸ்கூல் பங்கை விட்டுட்டா அவங்க கோவப்படத்தான் செய்வாங்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதை முதல்ல திருத்தணும்.