பாஸ் புரொடெக்‌ஷன் கற்றுத்தர லைன் ஸ்ட்ரிப்: வாங்கலாம், அகலத்தைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பாஸ் புரொடெக்‌ஷன் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்காமல் காப்பது) சொல்லித்தர பயிற்சியாளர்கள் வாங்கும் சாமான்கள் முக்கியமாக மூன்று: தரையில் விரிக்கும் லைன் ஸ்ட்ரிப், காந்தப் பலகை, ஆட்டத்திட்டம் எழுதி மணிக்கட்டில் கட்டும் அட்டை. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் லைன் ஸ்ட்ரிப்பை எடுங்கள். தான் தடுக்க வேண்டிய ஆள் யார் என்பதை லைன்மேன் (முன்வரிசைத் தடுப்பாளர்) நின்ற இடத்தில் நின்று, எதிரே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவது இது ஒன்றுதான்.

நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அவர்களுக்கு வெளியே டேக்கிள் என ஐந்து லைன்மேன்களும் நிற்க வேண்டிய இடங்களைக் குறித்த நீளமான ரப்பர் அல்லது கேன்வாஸ் பட்டை இது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் 2 முதல் 3 அடி. பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிப் பெயின்ட் அடித்தும் இதே வேலையை வாங்குபவர்கள் உண்டு. அது கனமாக இருப்பதால் காற்றுக்குப் பறக்காது.

டிஃபென்ஸ் (எதிரணி) ஆட்கள் நிற்கும் இடத்துக்கு எண் சொல்வது லைன்மேனை வைத்துத்தான். 3 டெக்னிக் என்றால் கார்டின் வெளித்தோள், 5 டெக்னிக் என்றால் டேக்கிளின் வெளித்தோள். லைன்மேன் இடம் மாறினால் எதிரே நிற்பவனின் எண்ணும் குழம்பும். பட்டை விரித்துவிட்டால் ஐந்து பேரும் அசைய மாட்டார்கள். எதிர்பக்கம் நிற்கும் பயிற்சி ஆட்களை 4 பேர் முன்வரிசையிலிருந்து 3 பேர் முன்வரிசைக்குச் சில நொடிகளில் மாற்றலாம். ஒரு ஸ்நாப்புக்கும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) அடுத்ததற்கும் இடையில் வீணாகும் நேரம் மிச்சம்.

பட்டையை வைத்து முதலில் கற்றுத்தர வேண்டியது ஹாஃப் ஸ்லைடு: லைனின் ஒரு பக்கம் கேப்பைக் காக்கும், மறுபக்கம் ஆளைத் தடுக்கும். கேப் என்றால் இடைவெளி: சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் பி, டேக்கிளுக்கு வெளியே சி. வலப்பக்கம் ஸ்லைடு என்று வைத்துக்கொள்வோம். சென்டருக்கு வலது ஏ கேப், வலது கார்டுக்கு பி கேப், வலது டேக்கிளுக்கு சி கேப். இவர்கள் ஆளைத் துரத்தக் கூடாது, தன் கேப்பில் வருபவனை எடுக்க வேண்டும். இடது கார்டுக்கும் இடது டேக்கிளுக்கும் எதிரே உள்ள இரண்டு முன்வரிசை ஆட்கள் பொறுப்பு. அந்தப் பக்கத்து லைன்பேக்கர் (எதிர் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன்), குவார்ட்டர்பேக் அருகே நிற்கும் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. ஆறு பேருக்கு ஆறு பேர் கணக்கு சரி. ஏழாவது ஆள் வந்தால் அவனைத் தடுக்க யாருமில்லை. குவார்ட்டர்பேக் பந்தை உடனே எறிந்தாக வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டால், சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) விழுந்ததும் பழி லைன்மேன் தலையில் வந்து விழும்.

முதல் நாள் யாரும் ஓடக் கூடாது. ஐவரும் பட்டைக்குப் பின்னால் நிற்கட்டும். சென்டர் மைக் (நடு லைன்பேக்கர்) யார் என்று கை நீட்டிச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் தன் கேப்பையோ ஆளையோ உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் ஸ்நாப் கிடையாது. அடுத்து இரண்டு அடி மட்டும் எடுத்து வைத்து நிறுத்துங்கள். மூன்றாவதாகத்தான் முழு வேகம்.

தவறு எங்கே நடக்கிறது என்பதும் பட்டையின் மேல் பளிச்சென்று தெரியும். ஆள் பொறுப்புள்ள பக்கத்தில் எதிர் முன்வரிசையின் உள்பக்க ஆளான டிஃபென்ஸ் டேக்கிள் வெளியே பாய, ஓரத்து ஆளான எண்ட் பின்னால் சுற்றி உள்ளே வரும் ஸ்டன்ட்டை (இடம் மாறிப் பாயும் உத்தி) பாருங்கள். நம் கார்ட் முன்னேறி நிற்க, நம் டேக்கிள் பின்வாங்கியிருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள், எண்ட் சும்மா நுழைவான். இருவரும் பட்டையிலிருந்து ஒரே ஆழத்தில் இருந்தால்தான் ஆளைக் கைமாற்ற முடியும். ரன்னிங் பேக் செய்யும் பிழை வேறு: கண் முதலில் வெளியே போய்விடும். குவார்ட்டர்பேக்குக்குக் கிட்டத்தில் உள்ள கேப்தான் ஆபத்து அதிகம். ஏ, பி, சி என்று உள்ளிருந்து வெளியே பார்க்கப் பழக்குங்கள்.

குறைகளுக்கு வருவோம். அகலமான பாய் மாதிரி வரும் பட்டைகளைத் தொடாதீர்கள். ஈரப் புல்லில் அதன் மேல் கால் வைத்தால் வழுக்கும், ஸ்பைக் பட்டு ஓரம் கிழியும். சில அங்குல அகலமே போதும். ஓரம் சுருண்டால் கால் தடுக்கும் என்பதால் சுருட்டி வைக்காமல் நீட்டி வையுங்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டை நேர்கோடு, உண்மையான லைன் நேர்கோடு அல்ல. மற்றவர்களின் ஹெல்மெட் சென்டரின் இடுப்புக்கோட்டைத் தொட்டால் விதிப்படி போதும். பாஸ் தடுக்க டேக்கிள்கள் அந்த எல்லை வரை பின்னால் நிற்பார்கள். பட்டையை ஒட்டி மூக்கை வைத்து நிற்கப் பழகிய டேக்கிள், வேகமான எண்டிடம் முதல் அடியிலேயே தோற்றுப்போவார். சென்டர் மட்டும் பட்டையை ஒட்டட்டும், டேக்கிளுக்குப் பின்னால் தனிக் கோடு போட்டுக்கொடுங்கள்.

எதிரே நிற்பவர்கள் கையில் ஷீல்டு (மோதலைத் தாங்கும் மெத்தை) வேண்டாம். கையை நீட்டி, உள்ளங்கை விரித்துத் தடுக்க 1978-இல் என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) விதி இடம் கொடுத்ததிலிருந்து பாஸ் தடுப்பில் கைகளுக்குத்தான் பாதி வேலை. ஷீல்டு மார்பை மறைத்துவிட்டால் கை எங்கே விழ வேண்டும் என்பதே தெரியாது.

காந்தப் பலகை அறைக்குள் கணக்குச் சொல்லித்தர நல்லது. டிஃபென்ஸை மேலே, லைனைக் கீழே வைத்து லைன்மேன் பார்க்கும் திசையிலேயே காட்டுங்கள். வில்லைகள் சிறியதாக இருந்தால் கார்டின் உள்தோளுக்கும் வெளித்தோளுக்கும் வித்தியாசம் தெரியாது. லைன்மேன் வில்லை அகலமாக உள்ள பலகையே உதவும்.

மணிக்கட்டு அட்டை லைன்மேனுக்குத் தேவையே இல்லை. எதிர்வரிசை நின்ற பிறகு பொறுப்பு மாறும், அட்டையில் இருக்கும் எழுத்து மாறாது. குவார்ட்டர்பேக்குக்கு ஒன்று வாங்கினால் போதும்.